கடிவாளம் யார் கையில்?

பாரீஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நிகழ்ந்து, 1999-ஆம் ஆண்டு மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியான நிகழ்ச்சி இது. பார்க்கின்சன் நோயால் சுமார் 30 ஆண்டுகள் துன்புற்ற 65 வயதுப் பெண்மணி ஒருவரின் மூளையில், ஆழத்தில், மெல்லிய மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்தன. எந்த முனையில் மின்சாரம் செலுத்தினால் நடுக்கமும் விறைப்பும் தணியும் என்று மருத்துவர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்து வந்தனர். ஒரு குறிப்பிட்ட முனையில் மின்சாரம் பாய்ந்த சில விநாடிகளில் அவரது உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, முகம் வாடியது, கண்ணீர் பெருகியது. வாழ்ந்தது போதும், இனி வாழ விருப்பமில்லை, எல்லாம் பயனற்றவை என்று தேம்பினார். உடனே மின்சாரம் நிறுத்தப்பட்டது. ஒன்றரை நிமிடத்திற்குள் அத்துயரம் போன இடம் தெரியவில்லை. அடுத்த சில நிமிடங்கள் அவர் சிரித்துப் பேசி, மருத்துவரோடு வேடிக்கை செய்துகொண்டிருந்தார். அதற்குமுன் அவருக்கு மனச்சோர்வு நோய் வந்ததே இல்லை. நோயைத் தணித்த இடத்திற்கும் துயரத்தை எழுப்பிய இடத்திற்கும் இடையே இருந்த தொலைவு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்.

துயரம் வந்தால் அதற்கொரு காரணம் இருந்தாக வேண்டும் என்று கருதுவது மனித இயல்பு. பிள்ளை பிரிந்தான், பொருள் போயிற்று, நம்பியவர் கைவிட்டார் என்று மனம் ஏதேனும் ஒன்றைக் கண்டுபிடித்துவிடும். ஒன்றும் அகப்படாவிட்டால் பூர்வ வினை என்று சொல்லி அமையும். மேற்கண்ட நிகழ்ச்சியிலோ அப்படி எதுவும் இல்லை. ஒரு விசை திருகப்பட்டது, வாழ்வு கசந்தது. மீண்டும் திருகப்பட்டது, வாழ்வு இனித்தது. பற்று நீங்கிய துறவியும் ‘உலகில் ஒன்றுமில்லை’ என்கிறார். மின்முனை தொட்ட பெண்மணியும் அதையே சொன்னார். சொற்கள் ஒன்றே. பொருளும் ஒன்றா?

மகிழ்ச்சியும் சோர்வும், ஆசையும் அடக்கமும் ஒரு கம்பியின் முனையில் மாறக்கூடியவை என்றால், ‘நான்’ என்று ஒருவர் சொல்லும்போது எதைச் சுட்டுகிறார்? தம் செயலுக்கு அவர் எந்த அளவு பொறுப்பாளி? இது பண்டிதர் சபைக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. ஆழ்மூளைத் தூண்டல் எனப்படும் இச்சிகிச்சை இந்தியப் பெருநகர மருத்துவமனைகளிலும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வருகிறது. பல லட்சம் ரூபாய் செலவாகும் சிகிச்சை. நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் பணம் திரட்டும் குடும்பங்கள் உண்டு. ஒப்புதல் தாளில் கையெழுத்திடும் முன்பு அவர்கள் கேட்பது ஏறத்தாழ இதே கேள்வியைத்தான்: ‘நடுக்கம் நின்றுவிடும், சரி, அப்பா பழைய அப்பாவாகவே இருப்பாரா?’

சிறு திரளும் பெரிய வலையும்

1817-ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், நடுக்கத்தோடு கூடிய வாதநோயைப் பற்றிச் சிறு நூல் ஒன்று எழுதினார். ஆறே நோயாளிகளைக் கொண்டு எழுதப்பட்ட நூல். அவர்களிலும் சிலரைத் தெருவில் கண்டு உற்றுநோக்கியதோடு சரி. ஆயினும் கூன் விழுந்த உடல், ஓய்ந்திருக்கும் கையின் நடுக்கம், முன்னோக்கி விழுவதுபோல் விரையும் நடை ஆகியவற்றை அவர் வர்ணித்த விதம் இன்றும் வியக்கத்தக்கது. புலன்களும் அறிவும் பழுதடைவதில்லை என்று அவர் எழுதியது மட்டும் பிற்காலத்தில் திருத்தம் பெற்றது. இந்நோய் கைகால்களோடு நிற்பதில்லை. முகர்தல், உறக்கம், மலம் கழித்தல், ஊக்கம், மனநிலை என யாவற்றையும் தொடுகிறது. சால்பெத்ரியேர் மருத்துவமனையில் 19-ஆம் நூற்றாண்டில் பணியாற்றிய ஷார்கோ என்ற பேராசிரியரே இதற்குப் பார்க்கின்சன் பெயரைச் சூட்டினார்.

ஆயுர்வேதம் இதைக் கம்பவாதம் என்ற பெயரில் அறிந்திருந்தது. பூனைக்காலி விதை பண்டைய மருந்துகளில் ஒன்று. அவ்விதையிலிருந்து லெவோடோபா என்ற பொருளை 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தனர். இந்த நோய்க்கு அதுவே தலைமையான மருந்தாகப் போகிறது என்று அன்று எவரும் அறியார். நடுமூளையில் கருநிறமாகத் தோன்றும் ஒரு பகுதியின் நரம்பணுக்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அவை அழிவதே இந்நோயின் மையம். ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் 1950களின் இறுதியில் டோபமைனின் பணியை வெளிப்படுத்தினார். 1960களில் லெவோடோபா மருந்தாக வந்தது. எழ முடியாதவர் எழுந்தனர். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல மருந்தின் பலன் விட்டுவிட்டு வரும். மருந்து ஏறிய வேளையில் உடல் தன்னிச்சையாக நெளியும். இறங்கிய வேளையில் உறைந்துவிடும்.

ஆழ்மூளைத் தூண்டல் பிறந்தது 1987-இல், பிரான்சின் கிரெனோபில் நகரில். அக்காலத்தில் நடுக்கத்தைப் போக்க மூளையின் ஒரு சிறு பகுதியைச் சுட்டு அழிப்பது வழக்கம். அழிக்கும் முன்பு சரியான இடம்தானா என்று அறிய மெல்லிய மின்சாரம் செலுத்துவர். அலிம்-லூயி பெனபிட் என்ற அறுவை மருத்துவர், விநாடிக்கு ஏறத்தாழ நூறு துடிப்புகள் என்ற வேகத்தில் மின்சாரம் செலுத்தினாலே நடுக்கம் நிற்பதைக் கண்டார். அப்படியானால் எதற்காக அழிக்க வேண்டும்? மின்முனையை அங்கேயே விட்டுவைத்து, மார்புத் தோலுக்கு அடியில், இதயத்திற்கு வைக்கும் பேஸ்மேக்கர் போன்ற ஒரு கருவியைப் புதைத்து, இடைவிடாது மின்துடிப்பை அனுப்பலாமே! அமெரிக்க அறிஞர் மாலன் டிலாங் 1990-இல் குரங்குகளிடம் செய்த ஆய்வு வேறொரு இடத்தைக் காட்டிக்கொடுத்தது. அது தலாமஸ் என்ற பகுதிக்கு அடியில், ஒரு பருப்பை ஒத்த வடிவில் உள்ள சப்தலாமிக் நரம்பணுத் திரள். 1990களில் கிரெனோபில் குழுவினர் அந்தத் திரளில் மின்முனை பொருத்தத் தொடங்கினர். 2014-ஆம் ஆண்டின் லாஸ்கர் விருதைப் பெனபிட், டிலாங் இருவரும் பகிர்ந்துகொண்டனர்.

நோய் இதனால் குணமாவதில்லை; நரம்பணுக்களின் அழிவு தொடரவே செய்கிறது. எனினும் பலன் பெரிது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 156 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வில், மருந்து மட்டும் பெற்றவர்களைவிட இச்சிகிச்சையும் பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் ஆறு மாதத்தில் தெளிவாக உயர்ந்திருந்தது. சட்டைப் பொத்தானைத் தாமே இட்டுக்கொள்ளவும், இரவில் பிறர் துணையின்றிப் புரண்டு படுக்கவும் முடிவது எத்தகைய விடுதலை என்பதை நோயாளியே அறிவார்.

ஒரே இடத்தில், ஒரே அளவில் செலுத்தப்படும் மின்சாரம் எல்லோருக்கும் ஒரே பலனைத் தருவதில்லை என்பது தொடக்கத்திலிருந்தே புதிராக இருந்தது. மூளையை அறைகள் நிறைந்த வீடாகக் கருதியவரை இதற்கு விடை கிடைக்கவில்லை. டிலாங்கும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1986-இலேயே ஒரு வழி காட்டியிருந்தனர். மூளையின் அடித்தளத் திரள்கள் நெற்றிப்புற மூளையோடு தனித்தனி வட்டங்களாக இணைந்துள்ளன என்றனர். ஒரு வட்டம் உடலை இயக்குகிறது, ஒன்று விழியை, மற்றவை திட்டமிடுதல், விருப்பு வெறுப்பு, ஊக்கம் ஆகியவற்றைச் சார்ந்தவை. இவற்றில் பல அந்தச் சிறு திரளின் வழியே அருகருகாகச் செல்கின்றன. குறுகிய சந்து ஒன்றில் பல வீட்டு மின்கம்பிகள் நெருங்கித் தொங்குவதைப் போன்றது இது. ஒரு வீட்டிற்கு என்று தொட்டால் அடுத்த வீட்டு விளக்கும் மினுக்கக்கூடும்.

2017-இல் ஜெர்மனியின் இரு மருத்துவ மையங்களைச் சேர்ந்த 95 நோயாளிகளின் விவரங்களை ஆந்திரியாஸ் ஹார்ன் குழுவினர் ஆராய்ந்தனர். மின்சாரம் பாயும் இடம் மூளையின் எந்தெந்தப் பகுதிகளோடு இணைந்துள்ளது என்பதைக் கொண்டே, யாருக்கு எவ்வளவு முன்னேற்றம் கிட்டும் என்பதை ஓரளவு முன்கூட்டிக் கணிக்க முடிந்தது. இயக்கத்தைத் திட்டமிடும் மேற்புறப் பகுதியோடு இணைப்பு வலுவாக இருந்தவர்களுக்குப் பலன் மிகுதி. 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இடது நெற்றிப்புற மூளையோடு இணைந்த இழைகளில் மின்சாரம் பட்டவர்களிடம் சோர்வு மிகுந்திருந்ததைக் கண்டது. ஆக, நடுக்கமும் துயரமும் தனித்தனி அறைகளில் வசிப்பவை அல்ல. ஒரே வலையின் வேறு வேறு இழைகள்.

பதினைந்து நாள் உபவாசம்

மனம் பொருளைச் சார்ந்தது என்ற செய்தி வேதாந்தத்திற்குப் புதிதன்று. சாந்தோக்கிய உபநிஷதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு மனம் அன்னமயமானது என்று உபதேசிக்கிறார். மகனுக்கு அது விளங்கவில்லை. தந்தை வாதம் செய்யாமல் ஒரு சோதனையை விதிக்கிறார். பதினைந்து நாள் உண்ணாதே, நீர் மட்டும் வேண்டிய அளவு பருகு என்கிறார். மகன் அவ்வாறே இருந்து திரும்புகிறான். வேதத்தைச் சொல் என்கிறார் தந்தை. பன்னிரண்டு ஆண்டுகள் குருகுலத்தில் பயின்ற மந்திரங்கள் ஒன்றும் அவனுக்கு நினைவில் எழவில்லை. போய் உண்டு வா என்கிறார். உண்டபின் கேட்டவை அனைத்தும் நினைவுக்கு வருகின்றன. நினைவு, கல்வி, அதனால் விளைந்த செருக்கு ஆகிய எல்லாமே ஒரு பிடி சோற்றைச் சார்ந்து நிற்பவை என்று மகன் தன் உடலிலேயே கண்டுகொண்டான். நூல் கற்றுத் தலைநிமிர்ந்து வந்த மகனுக்குத் தந்தை தேர்ந்தெடுத்த பாடம் இது என்பது கவனிக்கத்தக்கது.

மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என நான்காகப் பேசப்படும் அந்தக்கரணம் முழுவதும் ஜடம் என்பதே வேதாந்தத்தின் நிலை. தூல உடல் தடித்த ஜடம். மனம் நுண்ணிய ஜடம். சுவாமி விவேகானந்தர் தம் ராஜயோகச் சொற்பொழிவுகளில் மேலைநாட்டவர்க்கு இதை வற்புறுத்திச் சொன்னார். மனமே ஆன்மா என்று கொண்டவர்களுக்கே பாரீஸ் நிகழ்ச்சி அதிர்ச்சி தரும். கருவியைக் கருவி என்று முன்பே அறிந்தவர்க்கு, ஒரு கருவியால் இன்னொரு கருவியை அசைக்க முடிந்தது என்ற அளவில் செய்தி முடிந்துவிடும்.

முடிந்துவிடுமா? இவ்விடத்தில் ஆன்மிகச் சொற்பொழிவாளர் சிலர் சற்று விரைந்து வெற்றி முழக்கம் செய்துவிடுகின்றனர். அந்தப் பெண்மணி தமக்கு நேர்ந்த துயரத்தைப் பின்னர் நினைவுகூர்ந்து சொன்னார். ஆகவே துயரத்தைப் பார்த்த சாட்சி ஒன்று உள்ளே இருந்தது. விஞ்ஞானம் ஆத்மாவை நிரூபித்துவிட்டது என்பர். இது நேர்மையான வாதம் ஆகாது. நினைவுகூர்ந்ததும் மனமே, எடுத்துச் சொன்னதும் மனமே. அவையும் மூளையின் வலையைச் சார்ந்தவை என்று நரம்பியல் அறிஞர் மறுத்தால் வேதாந்தி அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சாட்சி என்பது அளவுகருவியில் சிக்கும் பொருள் என்று வேதாந்தம் ஒருபோதும் சொன்னதில்லை. காணப்படுவது எதுவோ அது காண்பான் அன்று என்பதே அதன் முறை. மின்முனையின் சோதனை காணப்படும் பக்கத்தை இன்னும் விரிவாக்கிக் காட்டியிருக்கிறது. ‘இது என் இயல்பு, இது என் குணம்’ என்று உறுதியாக நம்பிவந்த பலவும் அப்பக்கத்தைச் சேர்ந்தவை என்று தெரியவந்திருக்கிறது. சாதகருக்கு இவ்வளவே போதும். இதற்குமேல் விஞ்ஞானத்திடம் சான்றிதழ் கேட்கத் தேவையில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு செய்தி உண்டு. இத்தாலியின் டூரின் நகர ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சையில் இருந்த நோயாளிகளுக்கு மருந்து என்று சொல்லி வெறும் உப்புநீரை ஊசிமூலம் செலுத்தினர். பலனை எதிர்பார்த்து, அதை உணர்ந்தவர்களிடம், மேற்சொன்ன திரளின் நரம்பணுக்கள் துடிப்பதே குறைந்தது. மின்சாரம் எட்டும் அதே இடத்தை நம்பிக்கையும் எட்டுகிறது! இதைக் கேட்டு மருந்தை நிறுத்திவிட்டு ஜபத்தில் அமர்பவர் பெரும் தவறு செய்கிறார். கவலை மிகுந்தால் நடுக்கம் மிகும், அமைதியில் குறையும் என்பது உண்மை. ஆனால் அமைதி அழிந்த நரம்பணுவை மீட்பதில்லை. உப்புநீரின் பலன் நெடுநாள் நிற்பதுமில்லை. ‘தியானம் சரியாகச் செய்தால் இந்த நோயே வராது’ என்று நோயாளியின் முகத்தெதிரே சொல்லும் அன்பர்களும் உள்ளனர். அது தத்துவம் அன்று, கொடுமை.

முகத்தைப் பற்றியும் ஒரு சொல். இந்நோயில் முகத் தசைகள் விறைத்து, முகம் முகமூடி போலாகிவிடும். உள்ளே பக்தி பொங்கினாலும் கண்ணில் நீர் வராது. பேரன் ஓடிவந்தால் இதழில் சிரிப்பு மலராது. குரல் தாழ்ந்து முணுமுணுப்பாகும். சத்சங்கத்தில் பஜனைக்கு வாய் திறக்காமல் அமர்ந்திருக்கும் அம்முதியவரைச் சிரத்தை குறைந்தவர் என்று எண்ணியவர்கள், முகத்தைப் பார்த்து உள்ளத்தைத் தீர்மானித்துவிட்டவர்கள். உள்ளத்திற்கும் முகத்திற்கும் இடையே இருந்த இழை ஒன்று அறுந்திருந்தது, அவ்வளவே.

குதிரைகளை இழுத்துப் பிடிக்கும் இடம்

கடோபநிஷதம் உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைச் சாரதியாகவும் உருவகிக்கிறது. ஆத்மா தேருக்கு உடையவன். வியப்புக்குரிய ஒற்றுமை ஒன்று 2007-இல் தோன்றியது. அமெரிக்க அறிஞர் மைக்கேல் ஃபிராங்க் குழுவினர் அவ்வாண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே குதிரைகளை இழுத்துப் பிடிக்கச் சொல்வது.

ஏறக்குறைய ஒரே அளவு நன்மை தரும் இரண்டு பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எவரும் சற்றுத் தயங்குவர். அத்தயக்கம் அறிவின் செயல். விரைந்து பாயாமல் நின்று எண்ணிப் பார்க்க அது இடம் தருகிறது. தூண்டல் கருவி நிறுத்தப்பட்டிருந்தபோது பார்க்கின்சன் நோயாளிகளும் அவ்வாறே தயங்கினர். கருவி இயங்கியபோது தயக்கம் மறைந்தது. கடினமான தேர்விலும் அவர்கள் விரைந்து முடிவெடுத்தனர். அந்தச் சிறு திரளின் இயல்பான பணிகளில் ஒன்று ‘பொறு’ என்று சொல்வது என இதிலிருந்து அறிஞர்கள் கருதுகின்றனர். கடிவாளத்தின் ஒரு நூல் அங்கே ஓடுகிறது போலும். உறைந்த கைகால்களை விடுவிக்கச் செலுத்தும் மின்சாரம், சில வேளைகளில் அந்நூலையும் தளர்த்திவிடுகிறது.

மருந்தும் இதற்கு விலக்கன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், 13.6 சதவீதத்தினரிடம் அடக்க முடியாத உந்துதல்கள் காணப்பட்டன. சூதாட்டம், வரம்பற்ற செலவு, பெருந்தீனி, மிகையான காமம் ஆகியவையே அவை. டோபமைனைப் போலச் செயல்படும் ஒருவகை மாத்திரைகளை உண்டவர்களிடம் இது மிகுதி. வாழ்நாள் முழுவதும் ஒரு ரூபாயை எண்ணிச் செலவிட்டவர் அறுபது வயதில் லாட்டரிச் சீட்டு வாங்கிக் குவிக்கிறார். மாத்திரையைக் குறைத்தால் அந்த வெறி பெரும்பாலும் அடங்குகிறது. ஆழ்மூளைத் தூண்டலால் மாத்திரையின் தேவை குறைந்து, இத்தகைய உந்துதல் நீங்கி நிம்மதி பெற்றவர்களும் உண்டு; மாறாக, மாத்திரை குறைந்ததால் எதிலும் ஆர்வமின்றி ஒடுங்கியவர்களும் உண்டு. ஒரே சிகிச்சை ஒருவருக்குக் கடிவாளத்தைத் தருகிறது, மற்றொருவரிடமிருந்து பறிக்கிறது.

புலனடக்கத்தைத் தன் சாதனையாக எண்ணி நிமிர்ந்து நடப்பவர் இங்குச் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. தம் அடக்கத்தில் எவ்வளவு தவத்தால் வந்தது, எவ்வளவு பழுதுபடாத நரம்பிழையால் வந்தது என்று அவரால் பிரித்துச் சொல்ல இயலுமா? அதற்காகத் தவம் வீண் என்று ஆகாது. பயிற்சியும் மூளையைப் பண்படுத்துகிறது. அதற்கு விளைநிலம் தேவை என்பதே செய்தி. ஆனால் நிலம் இழந்தவனை இகழ, விளைந்தவனுக்கு என்ன உரிமை? தரும நூல்கள் இதை மறந்துவிடவில்லை. மதுவால் மயங்கியவர், சித்தம் கலங்கியவர், நோயால் வாடுபவர் ஆகியோர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று மனுவும் யாக்ஞவல்கியரும் விதித்துள்ளனர். செய்பவன் என்ற நிலை புத்தியைப் பற்றி நிற்பது; புத்தி எந்த அளவு பழுதுபட்டதோ அந்த அளவு கர்த்தாவும் குறைந்தவனே.

சிகிச்சைக்குப்பின் எல்லோரும் மாறிப்போகிறார்கள் என்று இதிலிருந்து முடிவுசெய்வது மிகை. பாரீஸ் மருத்துவர்கள் 2006-இல் 29 நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, உடல் தேறியபின்னும் உள்ளம் தடுமாறியவர்களைக் கண்டனர். தம்மைத் தாமே அந்நியராக உணர்ந்தவர்களும், இயந்திரமாகிவிட்டதாகச் சொன்னவர்களும் அவர்களில் இருந்தனர். ஆனால் ஆளுமை மாறுகிறது என்ற பேச்சுக்குப் போதிய சான்று இல்லை என்று 2018-இல் அறநெறி ஆய்வாளர்கள் சிலரே எச்சரித்தனர். நோய்தான் தம்மைத் திருடியிருந்தது, கருவி மீட்டுத் தந்தது என்று சொல்லும் நோயாளிகளும் உண்டு. இருபது ஆண்டுகள் நோயாளியாகவே வாழப் பழகியவருக்கு, நலம் பெறுவதும் ஒரு குழப்பமாக அமையக்கூடும். அவரைக் கவனிப்பதையே வாழ்வாகக் கொண்ட மனைவிக்கும் அப்படியே.

ஹாலந்து நோயாளியின் முடிவு

எனினும் ஒரு நிகழ்ச்சி தப்பிக்க வழிவிடாதது. ஹாலந்து நாட்டு மருத்துவர்கள் 2004-இல் இதை வெளியிட்டனர். 62 வயதான ஒருவருக்கு ஆழ்மூளைத் தூண்டலால் உடலியக்கம் நன்கு மீண்டது. ஆனால் கருவி இயங்கும்போது அவருக்குப் பெருமித வெறி உண்டாயிற்று. கட்டுக்கடங்காமல் செலவிட்டுக் கடனில் மூழ்கினார். தம்மைப் பற்றிய எண்ணம் வானளாவியது. தமக்கு ஏதேனும் குறை உண்டு என்பதையே அவர் ஏற்கவில்லை. மனநிலையைச் சீர்படுத்தும் மருந்து உதவவில்லை. கருவியை நிறுத்தினால் அறிவு தெளிந்தது. ஆனால் உடல் உறைந்து படுக்கையில் வீழ்ந்தார். இடைப்பட்ட நிலை ஒன்றும் கிட்டவில்லை. ஆகவே இரண்டே வழிகள். கருவி நிறுத்தப்பட்டு, தெளிந்த அறிவோடு, பிறர் கையை எதிர்பார்த்து முதியோர் பராமரிப்பு இல்லத்தில் கிடப்பது ஒன்று. கருவி இயங்க, உடல் நடமாட, வெறி கொண்ட மனத்தோடு மனநல மருத்துவமனையின் காவலில் வாழ்வது மற்றொன்று.

யாரைக் கேட்பது? வெறியில் இருப்பவரின் சொல் சட்டப்படி செல்லாது. ஆகவே மருத்துவர்கள் கருவியை நிறுத்தி, அறிவு தெளிந்த நிலையில் அவரையே கேட்டனர். அவர் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். கருவி மீண்டும் இயக்கப்பட்டது.

தெளிந்தவர் ஒருவர், தாம் தெளிவிழக்கத் தாமே சம்மதித்தார். அறிவே மேலானது என்று நூல் வழியாக மட்டும் அறிந்தவர்க்கு இது பிழையான தேர்வாகத் தோன்றலாம். நாள் முழுவதும் அசைய முடியாமல், ஈயை விரட்டக் கை எழாமல் கிடந்ததில்லையே அவர்கள்! அந்த மனிதர் தம் தெளிவைத் தூக்கி எறிந்துவிடவில்லை. தெளிவின் கடைசிச் செயலாக ஒரு முடிவை எடுத்து, பிறருக்குத் தீங்கு நேராதபடி காவலையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார். தசமி இரவில் சங்கல்பம் செய்பவர் மறுநாள் ஏகாதசி நண்பகலில் பசிக்கப்போகும் தம்மையே கட்டுகிறார். பசித்தவர் வேண்டாம் என்று முறையிட்டாலும் சங்கல்பம் செய்தவர் சொல்லே நிற்கும். ஹாலந்து நோயாளி செய்ததும் ஒருவகைச் சங்கல்பமே. வேறுபாடு ஒன்றுண்டு: ஏகாதசிக்கு மறுநாள் துவாதசி வரும்.

பெரும்பாலான குடும்பங்களுக்கு இத்துணைக் கடினமான நிலை வருவதில்லை. மின்னளவைக் குறைத்தும், முனையை மாற்றியும், மருந்தைத் திருத்தியும் பல தொல்லைகளை நீக்கிவிடுகின்றனர். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதியவகைத் தூண்டல், மூளையின் அலைகளைத் தானே கவனித்து மின்னளவைக் கூட்டியும் குறைத்தும் கொள்கிறது. அது கவனிப்பது உடலியக்கத்தோடு தொடர்புடைய அலைகளை. அடக்கம் தளர்ந்ததா, அன்பு வறண்டதா என்பதை அறிய அதற்குக் கண் இல்லை. அதைக் காண்பவர் உடன் வாழ்பவரே. வெறியில் உயர்ந்து நிற்பவருக்கோ தம் நிலை இயல்பாகவே தோன்றும்.

ஆதலின் அறுவைக்கு நாள் குறித்தபின் ஒரு மாலையில் மனைவியும் மக்களும் அவரோடு அமர்ந்து சில கேள்விகளைக் கேட்டுவைக்கலாம். எந்த மாற்றத்தைக் கண்டால் ‘இது நான் அல்ல’ என்று கொள்ள வேண்டும்? அப்போது யார் சொல்லை மருத்துவர் கேட்க வேண்டும்? கைகால் நடமாட்டத்திற்காக எதைவரை விட்டுக்கொடுக்கலாம், எதை விடலாகாது? அவர் தாழ்ந்த குரலில், நேரம் எடுத்துக்கொண்டுதான் விடை சொல்வார். இடையில் சொல் எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்து, அதை அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். இந்நோயில் எழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும். கடைசி வரியைப் படிக்கக் கண்ணாடி தேவைப்பட்டாலும் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.